கால்மாட்டில் விழாத வெயில்

ஜஸீல்: இல்லண்ணே, ஸ்ட்ரெச்சர மாத்திப் புடிக்கிறீங்க. அக்காட கால் முன்னால போகணும். தல பின்னால.

முருகையா: கால் முன்னாலயா? வேணாம் ஜஸீல் நானா. இந்த லயத்து வீட்டுல இருந்து அப்பிடிக் கால் முன்னால போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல.

ஜெயலெட்சுமி: ஏங்க, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

முருகையா: நீ கண்ண மூடிக்க லெச்சுமி.

ஜெயலெட்சுமி: கண்ண மூடுனா காது கேக்காதா?

ஜஸீல்: கொஞ்சம் கேளுங்கண்ணே. இங்கருந்து என்ட வேன் நிக்கிற ரோட்டு வரைக்கும் ஒரே எறக்கம். எறக்கத்துல தல முன்னால போனா ரத்தம் பூரா தலைக்கு வந்துரும். அக்காவுக்கு தல சுத்தும், வாந்தி வரும். ஏத்தம்ண்டா தல முன்னால, எறக்கம்ண்டா கால் முன்னால. எப்பிடிப் போனாலும் தல மேட்டுப் பக்கம் ஈக்கணும். அவ்வளவுதான்.

முருகையா: ஒங்களுக்குச் சரி. மேல் மலையில தேயிலக் கொழுந்து எடுக்கிறவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? ரெண்டு பேரு தூக்கிட்டு வாராங்க, நடுவுல ஒருத்தி மல்லாந்து படுத்திருக்கா, கால் முன்னால... அம்புட்டுப் பேரும் கூடைய எறக்கி வச்சிட்டுக் கும்புட்டு நிப்பாங்க.

ஜெயலெட்சுமி: அப்ப நான் பேசிக்கிட்டே வாரேன்.

முருகையா: என்னா?

ஜெயலெட்சுமி: செத்தவ பேசமாட்டாள்ல? ரோட்டுக்குப் போற வரைக்கும் வாய் மூடாமப் பேசுறேன். சத்தமா.

முருகையா: அது ஒனக்கு ஒரு கஷ்டமா?

ஜஸீல்: ஹா... நல்ல ஐடியா அக்கா. மூச்சு ஒழுங்கா வருதாண்டு எனக்கும் தெரியும். கட்டில்ல இருந்து மாத்தினப்ப வலிச்சிச்சா?

ஜெயலெட்சுமி: இல்ல நானா. மரக்கட்டைய உருட்டுற மாதிரி உருட்டிட்டீங்க.

ஜஸீல்: அப்பிடித்தான் உருட்டணும். தோளு, இடுப்பு, காலு, மூணும் ஒண்ணாத் திரும்பணும். ஒண்ணு முந்தி ஒண்ணு பிந்தினா முதுகெலும்பு முறுக்கிக்கும். ஒங்கட முதுகு இப்பத்தான் ஒட்டிக்கிட்டு வருது. இப்ப பெல்ட் போடுறன். நெஞ்சுக்கு ஒண்ணு, இடுப்புக்கு ஒண்ணு, தொடைக்கு ஒண்ணு. வலிக்கும்ண்டு தளர்த்தச் சொல்லாதீங்க. தளர்ந்திருந்தாத்தான் வளைவுல ஒடம்பு உருண்டு வலிக்கும்.

ஜெயலெட்சுமி: மொழங்காலுக்குக் கீழ வைக்க ஏதாவது வேணும்னு போன்ல சொன்னீங்களே. இந்தாங்க, நான் பழஞ்சேலைய சுருட்டி வச்சிருக்கேன்.

ஜஸீல்: ஆ, சரியான அளவு. மொழங்கால் கொஞ்சம் மடிஞ்சிருந்தா இடுப்பு எலும்புக்கு பாரம் கொறையும். மிருதுவான துணி... ஓரத்துல புதுத் தையல் போட்டிருக்கு?

ஜெயலெட்சுமி: கிழிஞ்சிருந்துச்சு.

ஜஸீல்: பயணம் முடியிற வரைக்கும் இதத் தொடக்கூடாது. சமதரைக்குப் போய்ச் சேந்த பொறகுதான் உருவணும். அதுசரி அண்ணே, ஒங்கட கையில என்ன கம்பு?

முருகையா: இதா? இது... ஸ்ட்ரெச்சருக்கு.

ஜஸீல்: என்ட ஸ்ட்ரெச்சருக்கா? அதுல கம்பு மாட்ட எடமே இல்லையே.

முருகையா: ஒடிஞ்சு கிடிஞ்சு போச்சுன்னா?

ஜஸீல்: அது இரும்பு அண்ணே.

முருகையா: இரும்பும் ஒடியும். கம்பு பாட்டுக்கு ஓரமாக் கெடக்கட்டும். தூக்குங்க, நேரமாகுது. கிளினிக்ல நம்பர் போயிரும்.

ஜெயலெட்சுமி: ஆமாமா, கிளினிக்ல நம்பர் போயிரும்.

ஜஸீல்: நான் கால்மாட்டப் புடிக்கிறன். நீங்க தலமாடு. ஒண்ணு, ரெண்டு... தூக்கு!

ஜெயலெட்சுமி: அம்மாடி! ஏங்க, வானம் எம்புட்டுப் பெருசு! அஞ்சு மாசமா அந்தத் தகரத்துல இருக்கிற ஓட்டையத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்.

முருகையா: பேசு, பேசு. நிப்பாட்டாத.

ஜெயலெட்சுமி: இது நான் சறுக்கி விழுந்த படிக்கட்டா? ஏங்க, பாத்து. மழக் காலத்துல பாசி புடிக்கும். நானா, லயத்துல தூக்குறதுக்கு வேற ஆள் இல்லையான்னு நெனைக்காதீங்க. எளந்தாரிப் பயலுக பூரா கொழும்புல. ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?

ஜஸீல்: ஒரே மகள். ஹம்ஸியா. ஏ.எல். பரீட்சை எடுக்கப் போறா. ஒங்களுக்கு?

ஜெயலெட்சுமி: எங்களுக்கும் ஒரே மகதான். துஷாந்தினி. மொனராகலையில...

முருகையா: அந்தப் பேச்சு வேணாம்.

ஜெயலெட்சுமி: நீங்கதான பேசச் சொன்னீங்க?

முருகையா: வேற பேசு.

ஜெயலெட்சுமி: ...

ஜஸீல்: அக்கா? அக்கா, பேசுங்க.

முருகையா: லெச்சுமி, அந்தா பாரு, மேல கூடைய எறக்குறாங்க! யோகம்மா கையெடுத்துக் கும்புடுறா! பேசு புள்ள!

ஜெயலெட்சுமி: ஏ யோகம்மா! கூடையத் தூக்குடி! உசிரோடதான் இருக்கேன்! எங்கிட்ட கடன் வாங்குன தேங்காயக் குடுக்காம என்னைய அனுப்பப் பாக்குறியா?

முருகையா: சிரிக்கிறாங்க... மல பூரா சிரிக்கிறாங்க. அப்பாடா.

ஜஸீல்: சிரிக்க வைக்காதீங்க அக்கா, என்ட கை நழுவுது. இந்தா வேன் வந்துட்டு. அண்ணே, இப்பத் திருப்புவம். வேனுக்குள்ள தல முன்னால போகணும், கால் பின் கதவுப் பக்கம். பாருங்க, கீழ தண்டவாளம் மாதிரி ரெண்டு இரும்பு ஈக்குதா? ஸ்ட்ரெச்சர்ட சில்லு அதுல ஏறும். தள்ளுங்க... டக்குண்டு சத்தம் கேட்டிச்சா?

முருகையா: கேட்டுச்சு.

ஜஸீல்: அந்தச் சத்தம் கேக்காம நான் சாவியே போடமாட்டன். அதுதான் பூட்டு. முந்தி இது ஸ்கூல் வேன். ரெண்டு வரிசை சீட்டக் கழட்டிட்டுத்தான் இத வச்சன். அவசரம்ண்டா ஆம்புலன்ஸ் வரும். இப்பிடி ஆறுதலா, மெதுவாப் போற ஆக்கள், உக்கார ஏலாத ஆக்கள், அவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல. திரீவீல் ஆட்டோவுல மடிச்சி வச்சிக் கொண்டு போனா சுகமான முதுகும் திரும்ப ஒடியும்.

ஜெயலெட்சுமி: நானா, இந்தப் பக்கத்து ஜன்னல் சீலைய கொஞ்சம் நீக்கிவிடுறீங்களா?

ஜஸீல்: நீக்கலாம். ஆனா கண்ணு ஓடுற மரத்துல போகப்படாது. அசையாத ஒண்ணப் பாக்கணும். மேகத்தப் பாருங்க. கண்ணு ஓடுதுண்டு சொல்லும், ஒடம்பு சும்மா கெடக்குதுண்டு சொல்லும். ரெண்டுக்கும் சண்ட வந்தாத்தான் வாந்தி.

ஜெயலெட்சுமி: எங்க வீட்டுலயும் அதேதான் நானா. ஒருத்தரு ஓடுறாரு, ஒருத்தி சும்மா கெடக்குறா.

முருகையா: நான் இங்கதான் இருக்கேன்.

ஜெயலெட்சுமி: கேக்கணும்னுதான் சொன்னேன்.

ஜஸீல்: போவமா? பிஸ்மில்லாஹ்.

ஜெயலெட்சுமி: மேகம் நம்ம கூடவே வருது...

முருகையா: வரட்டும்.

ஜெயலெட்சுமி: தேயில மலையில நிக்கும்போது மேகம் காலுக்குக் கீழ வரும். இப்ப அது மேல போகுது. நான்தான் கீழ வந்துட்டேன் போல... மீன் வாசம் வருது. பஸ் ஹோர்ன் அடிக்கிறான். பசறையா?

ஜஸீல்: பசறைதான் அக்கா. படுத்துட்டே கரெக்டா சொல்றீங்க.

ஜெயலெட்சுமி: திரும்புறோம்.

முருகையா: ஆமா. கிளினிக் இருக்கிற பதுளை ரோட்டுக்கு. என்னா யோசிக்கிற?

ஜெயலெட்சுமி: ஒண்ணுமில்ல. வெயில் கால்மாட்டுல விழலையேன்னு பாத்தேன்.

முருகையா: என்னா வெயில்?

ஜெயலெட்சுமி: காலையில பதுளப் பக்கம் போனா சூரியன் நமக்குப் பின்னால இருக்கணும். என் கால் பின் கதவுப் பக்கம். அந்தக் கண்ணாடி வழியா வெயில் பாதத்துல விழணும்ல? இப்ப முன்னால இருந்து நெத்தியில விழுது.

ஜஸீல்: அடடா, சரியாச் சொன்னீங்க அக்கா! தல முன்னால படுத்தா ஒடம்பே தெசகாட்டி மாதிரி. இன்னொண்ணும் ஈக்கு, வேன் எறங்கினா ஒங்கட தல தாழும், ஏறினா...

முருகையா: க்கும்! க்கும்!

ஜஸீல்: ...ஏறினா... அண்ணே, தண்ணி வேணுமா?

முருகையா: வேணாம். வளைவு லெச்சுமி. ரோட்டு வளையுது, வெயிலும் வளையுது. வளைவுதானே நானா?

ஜஸீல்: வளைவு... ஓ, ஓ. நெறைய வளைவு.

ஜெயலெட்சுமி: வளைவுன்னா சரி.

முருகையா: தூங்கு கொஞ்சம்.

ஜெயலெட்சுமி: தூங்கலாமா நானா? பேசணும்னு சொன்னீங்க.

ஜஸீல்: இனித் தூங்கலாம். இங்க கூடைய எறக்கி வைக்க ஆளில்ல.

ஜெயலெட்சுமி: அப்ப தூங்குறேன்... தொட்டில்ல போட்ட மாதிரி ஆடுது.

முருகையா: லெச்சுமி? ...தூங்கிட்டா.

ஜஸீல்: அண்ணே, மெதுவாக் கேக்குறன். நீங்க மொனராகலைக்குண்டு சொல்லித்தான் வேன் புடிச்சீங்க. அக்கா கிளினிக்ண்டு நெனச்சிட்டு ஈக்கிறாங்க. நானும் பொய்யில கூட்டாளியாயிட்டன். என்ன நடக்குது?

முருகையா: கிளினிக் அடுத்த வாரந்தான். இன்னைக்கு மக வீட்டுக்கு.

ஜஸீல்: மகள்ட பேச்சே வேணாம்ண்டீங்க?

முருகையா: டீச்சராக்கணும்னு படிக்க வச்சேன் நானா. லயம் பூரா சொல்லி வச்சிருந்தேன். ஒரு நாள் போன் பண்ணி, கல்யாணம் எழுதியாச்சுப்பான்னா. கரும்பு டிராக்டர் ஓட்டுற பயல். புவனேந்திரனாம். பய நல்லவனா இருக்கலாம், எனக்கென்ன? எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. முனியாண்டி கோயில்ல கற்பூரத்த ஏத்தி, கையால அடிச்சு அணைச்சேன். அவ வாசப்படிய மொகங்குடுத்து மிதிக்கமாட்டேன்னு.

ஜஸீல்: கற்பூரம் அடிச்சுச் சத்தியமா... அப்ப இன்னைக்கு ஏன் போறீங்க?

முருகையா: போன மாசம் பசறைச் சந்தையில அந்தப் பயலக் கண்டேன். எங்கிட்ட பேசல. பக்கத்துல நின்ன வெத்தலக் கடக்காரன்கிட்ட சொல்ற மாதிரி எனக்குச் சொன்னான்.

ஜஸீல்: என்ன சொன்னான்?

முருகையா: பொம்பளப்புள்ள பொறந்திருக்காம். வயித்த வெட்டி எடுத்தாங்களாம். முப்பது நாள் கழிஞ்சும் தொட்டில் கட்டலையாம். தாய் வீட்டுச் சேலையும் கம்பும் வராமத் தொட்டில் கட்டமாட்டேன்னு மடியிலயே வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காளாம். வெட்டுன வயித்தோட... ராவும் பகலும்.

ஜஸீல்: ஓ... அதுதான் அந்தக் கம்பா! சேலைய விரிச்சுப் புடிக்கிற தொட்டில் கம்பு! நான் பாத்த ஒடனே நெனச்சன், ரெண்டு முனையிலயும் ஏன் காடி வெட்டியிருக்குண்டு. சேல வழுக்காம ஈக்க...

முருகையா: மெதுவா நானா!

ஜஸீல்: சரி, சரி. என்ன மரம்?

முருகையா: கொய்யா. ஒடியாது, வண்டு அரிக்காது. லயத்துக்குப் பின்னால ஒக்காந்து நானே சீவுனேன். கண்ணாடித் துண்டால சொரண்டி வழுவழுன்னு எடுத்திருக்கேன். புள்ள கையில சிராய் குத்தக்கூடாதுல்ல.

ஜஸீல்: சேல?

முருகையா: சேல இல்ல. தாய் கட்டுன பழஞ்சேலதான் வேணும். இவகிட்ட கேட்டா எதுக்குன்னு கேப்பா.

ஜஸீல்: சொன்னா என்ன? சந்தோசப்படுவாங்களே.

முருகையா: மக கதவச் சாத்திட்டாள்னா? நான் பண்ணுனதுக்கு எனக்கு அது வேணுந்தான். இவளுக்கு? படுத்த படுக்கையா இம்புட்டுத் தூரம் வந்து, சாத்துன கதவப் பாக்கணுமா? அதான் கிளினிக்னு சொன்னேன். தொறக்கலன்னா, டொக்டர் வரலைன்னு சொல்லித் திருப்பிடலாம். இவளுக்கு ஒண்ணுந் தெரியாது.

ஜஸீல்: யா அல்லா. வேன்ல ஏத்தினதுல இதுதான் பாரமான சாமான்.

ஜெயலெட்சுமி: ம்ம்... ஏங்க...

முருகையா: முழிச்சிட்டியா!

ஜெயலெட்சுமி: இல்ல. கனாக் காண்றேன்... கண்ண மூடிக்கிட்டு.

முருகையா: காணு, காணு.

ஜெயலெட்சுமி: ரப்பர் மரமா வருது. எல மூணு மூணா இருக்கு. ஒன்னோட ஒன்னு தல முட்டிக்கிட்டு நிக்குது. வானம் அதுக்கு நடுவுல ஓட ஓடையா ஓடுது.

முருகையா: கனவுல எல்லாம் வரும்.

ஜெயலெட்சுமி: சூடாவும் இருக்கு. நம்ம மலையில இந்தச் சூடு இல்லையே. கழுத்தெல்லாம் வேர்க்குது.

முருகையா: கனவுல வேர்க்கும்.

ஜெயலெட்சுமி: கரும்பு வாசம் வருது... ஏங்க, இந்தக் கனவுல ஒரு வீடு வந்தா, அங்கன நிப்பாட்டுவீங்களா? கனவுலதான்.

முருகையா: ...கனவுதானே. நிப்பாட்டலாம்.

ஜெயலெட்சுமி: திரும்பிற மாட்டீங்களே?

முருகையா: தூங்கு லெச்சுமி.

ஜெயலெட்சுமி: ம்ம்...

ஜஸீல்: அண்ணே, கரும்புத் தோட்டம் தாண்டிட்டம். நீலக் கதவுண்டு சொன்னீங்க. அந்தா தெரியுது.

முருகையா: எங்க? ...நானா, நிப்பாட்டுங்க. இல்ல, திருப்புங்க. திருப்பிடுவோம்.

ஜஸீல்: என்னது?

முருகையா: திருப்புங்க நானா. இன்னொரு நாளைக்குப் பாப்போம்.

ஜஸீல்: எங்க திருப்ப? இது நீள வேன். இந்த ஒடுங்கின ஒழுங்கையில திருப்ப ஏலாது. பின்னால எடுத்தா குழியில விழும், அக்காட முதுகு தாங்காது. திருப்பிற அளவுக்கு எடம் ஒண்ணே ஒண்ணுதான் ஈக்கு.

முருகையா: எங்க?

ஜஸீல்: அந்த வீட்டு வாசல் முத்தம். நான் என்ன செய்ய? சில்லு திரும்புறதுக்கு ஒரு அளவு ஈக்குதே.

முருகையா: போங்க.

ஜெயலெட்சுமி: வேன் நின்னிருச்சே. கிளினிக் வந்திருச்சா?

முருகையா: ...வந்திருச்சு.

ஜெயலெட்சுமி: டொக்டர் வெளிய வந்து பாப்பாரா? உள்ள போகணுமா?

ஜஸீல்: உள்ள போகணும் அக்கா. கதவு தொறந்துதான் ஈக்கு.

முருகையா: காத்துக்குத் தொறந்து வச்சிருப்பாங்க.

ஜஸீல்: கதவுக்குப் பின்னால ஒரு புள்ள நிக்கிது. நெஞ்சோட துணிப் பொட்டலம் மாதிரி ஒண்ண அணைச்சிட்டு. காத்துக்கு யாரும் அப்பிடி நிக்கமாட்டாங்க அண்ணே.

முருகையா: நீங்க எறக்கி உள்ள கொண்டு போங்க நானா. நான் இங்க வேன்கிட்ட நிக்கிறேன்.

ஜஸீல்: ஒரு ஆளால தூக்க ஏலாது. வீட்டுல வேற ஆம்பளையும் இல்ல போல. படி வேற ஈக்கு. ரெண்டு பேரு வேணும்.

முருகையா: நான் சத்தியம் பண்ணுனவன் நானா. சொன்னேன்ல? மொகங்குடுத்து அந்த வாசப்படிய...

ஜஸீல்: அதுதானே சொல்ல வாறன். கேளுங்க. இது ஏத்தம். ஏத்தம்ண்டா?

முருகையா: தல முன்னால.

ஜஸீல்: சரி. தலமாட்டுக்காரரு முன்னால ஏறணும். படியில ஏறும்போது அவரு முன்னுக்குப் பாத்து நடக்கப்படாது. பின்னுக்கு நடக்கணும். அப்பத்தான் படுத்திருக்கிறவங்கட மொகத்தையும், என்ட கையையும் பாத்துப் பாத்து ஒசத்தலாம். முதுகுதான் வாசலுக்கு. மொகம் பூரா அக்காவுக்கு. இது நான் ஒங்களுக்காகச் சொல்லல. எல்லாப் படியிலயும் இப்பிடித்தான் தூக்குறது.

முருகையா: பின்னுக்கு நடந்தா... அது மொகங்குடுத்தது இல்லதான்.

ஜெயலெட்சுமி: என்னா ரெண்டு பேரும் குசுகுசுன்னு? டொக்டர் காத்துக்கிட்டு இருப்பாரு.

முருகையா: வாரேன், வாரேன். புடிங்க நானா. ஒண்ணு...

ஜஸீல்: ரெண்டு. தூக்கு. மெதுவா... பின்னுக்கு வாங்க... இன்னும்...

ஜெயலெட்சுமி: ஒங்க மூஞ்சி தலகீழாத் தெரியுது.

முருகையா: பேசாம இரு.

ஜெயலெட்சுமி: பேசச் சொன்னீங்க, இப்ப பேசாதங்கிறீங்க... ஏங்க, ஏன் ஒங்க கண்ணுல இருந்து தண்ணி என் நெத்தியில விழுது?

முருகையா: வேர்வ. சூடு ஊரு.

ஜஸீல்: அண்ணே, படி வருது. ஒங்களுக்குத் தெரியாது, நான் சொல்றன்...

துஷாந்தினி: அப்பா... பின்னால மொதப் படி ஒசரம். கால நல்லாத் தூக்கி வைங்க. ஆ... இன்னும் ஒண்ணு இருக்குப்பா. ம்ம்... அவ்வளவுதான். உள்ள வந்துட்டீங்க.

ஜஸீல்: எறக்குறன். இந்த லீவர அமுக்கினா ஸ்ட்ரெச்சர் கட்டில் ஒசரத்துக்கு எறங்கும்... ஆ, சரி. மகள், நீங்க இப்பிடிக் கட்டில்ல ஒக்காருங்க, புள்ளைய அம்மாட நெஞ்சு மேல வைக்கலாம். நெஞ்சுப் பெல்ட்டக் கழட்டிட்டன்.

ஜெயலெட்சுமி: வாடி என் ராசாத்தி... ரெண்டு பேரும்.

முருகையா: லெச்சுமி, நான் ஒங்கிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். இது கிளினிக் இல்ல. கம்பு வேன்ல இருக்கு, எடுத்தாரேன். ஆனா சேலைக்கு என்ன பண்றதுன்னுதான்...

ஜெயலெட்சுமி: நானா, இது சமதரைதானே? இனி மொழங்காலுக்குக் கீழ இருக்கிறத உருவலாம்ல? உருவிக் குடுங்க. ஏங்க, அதப் புடிங்க. செவத்துக்கு அந்தப் பக்கம் நீங்க தொட்டிலுக்குக் கொய்யாக் கம்பு சீவுற சத்தம் கேட்டுக்கிட்டேதான், இந்தப் பக்கம் நான் மல்லாந்து படுத்தபடி அந்தச் சேலைக்கு ஓரம் தச்சேன்.